வீடே சிறையாகுமா?

சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட ஒருவன், சிறைக்குள் சென்று சில வருஷங்கள் கழிந்த பின்னர், "எஞ்சிய காலத்தை என் வீட்டிலேயே கழித்துவிடுகிறேன், வாசலில் காவல் போட்டுக்கொள்ளுங்கள், படி தாண்டமாட்டேன்" என்று விண்ணப்பித்துக்கொண்டால் சர்க்கார் என்ன பதில் சொல்லவேண்டும்? இதைக் கேட்டவுடன் நம்மில் பாதிப்பேர் நகைப்பார்கள். "வீட்டில் இருப்பதும் ஒரு தண்டனையா? அப்படியானால் கல்யாணமான நாள் முதல் நாங்கள் அனுபவிப்பது என்னவாம்?" என்று நம் தாய்மார்கள் கேட்கக்கூடும். தீராப் பிணியாளர் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் மட்டும் நகைக்கமாட்டார்கள். படுக்கையை விட்டுத் தாமாக எழ முடியாதவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்கள் அறிவார்கள்.

இந்தக் கேள்வி 2022-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, ஒரு சனிக்கிழமையன்று, டில்லியில் சுப்ரீம் கோர்ட்டு முன் நேராகவே வந்து நின்றது. விடுமுறை நாளில் அதற்கென்றே கோர்ட்டு கூடிற்று. விஷயம் புரொபஸர் ஜி. என். சாயிபாபாவைப் பற்றியது. டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ராம்லால் ஆனந்த் கல்லூரியில் ஆங்கிலம் போதித்தவர் அவர். ஆந்திர தேசத்து அமலாபுரத்தில் பிறந்தவர். சிறு பிராயத்தில் போலியோ நோயால் இரு கால்களும் வலுவிழந்து, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். மாவோயிஸ்டுகளோடு தொடர்பு கொண்டிருந்தார் என்ற குற்றச்சாட்டின் மீது 2017 மார்ச்சு மாதம் கட்சிரோலி ஸெஷன்ஸ் கோர்ட்டு அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நாகபுரி மத்திய சிறையில் அவர் தண்டனையை அனுபவித்து வந்தார். 2020 ஆகஸ்டில் தாயார் காலமானபோது, கடைசியாக ஒரு முறை அவர் முகத்தைப் பார்த்து வரவும் அனுமதி கிடைக்கவில்லை.

2022 அக்டோபர் 14-ந் தேதி பம்பாய் ஐக்கோர்ட்டின் நாகபுரிப் பிரிவு அவரை விடுதலை செய்தது. வழக்குத் தொடர வேண்டிய அனுமதி முறைப்படி பெறப்படவில்லை என்பது காரணம். அன்றைய தினமே சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடிற்று. அத்தீர்ப்பை நிறுத்தி வைக்கும்படி வேண்டிற்று. அப்போதுதான் அவர் தரப்பு வக்கீல் அந்த விண்ணப்பத்தைச் செய்தார்: "தீர்ப்பை நிறுத்தி வைப்பதானால், இவரை வீட்டுக்காவலிலாவது வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அங்கம் குறைந்தவர். சிறையில் இவரால் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள இயலவில்லை." சர்க்கார் தரப்பில் கடுமையான ஆட்சேபம். கோர்ட்டு மறுத்துவிட்டது. ஐக்கோர்ட்டின் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. கதவு வரையில் வந்த விடுதலை திரும்பிப் போயிற்று.

இதற்கு இருபத்தாறு நாள் கழித்து, நவம்பர் 10-ந் தேதி, அதே சுப்ரீம் கோர்ட்டின் வேறு இரு நீதிபதிகள், பத்திரிகையாளர் கௌதம் நவ்லகாவைத் தலோஜா சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்ற இசைந்தார்கள். எழுபது பிராயம் நிரம்பியவர். பல நோய்கள் உடையவர். முதலில் ஒரு மாதத்துக்கு என்று தொடங்கிய அந்தக் காவல், 2024 மே மாதம் அவருக்கு ஜாமீன் கிடைக்கும் வரையில் நீண்டது. ஒருவருக்கு இல்லை, ஒருவருக்கு உண்டு என்றால் ஜனங்களுக்குக் குழப்பம் ஏற்படத்தானே செய்யும்?

சட்டம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு விடை சொல்வார்கள். நவ்லகா விசாரணைக் கைதி. அவர் மீதுள்ள குற்றம் நிரூபணமாகவில்லை. சாயிபாபாவோ, ஐக்கோர்ட்டுத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்ட அந்தக் கணமே, மறுபடியும் தண்டனை பெற்ற கைதியாகிவிட்டார். 2021 மே 12-ந் தேதி நவ்லகாவின் முந்தைய மனு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இந்த வேற்றுமையைத் தெளிவாகவே எழுதி வைத்தது. விசாரணைக் காலத்தில் ஒருவரைச் சிறைக்குப் பதிலாக வீட்டுக்காவலில் வைக்க மாஜிஸ்டிரேட்டு உத்தரவிடலாம்; வயது, தேக நிலை, குற்றத்தின் தன்மை முதலியவற்றைக் கவனிக்கவேண்டும் என்றது. தண்டனை விதிக்கப்பட்ட பின் வீட்டுக்காவல் கொடுக்கலாமா என்பதைச் சட்டசபையினர் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டது. சிறைகளில் நெரிசல் மிகுந்திருப்பதையும், சிறைகளை நடத்தச் சர்க்காருக்கு ஆகும் செலவையும் அவர்களுக்கு நினைவூட்டியது. தேசத்துச் சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம் இருக்க, 2022-ஆம் வருஷக் கடைசியில் அங்கே இருந்தவர்கள் 5,73,220 பேர் என்பது சர்க்காரே வெளியிட்ட கணக்கு.

சட்டசபையினர் யோசித்தார்களா? 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய பீனல் கோடு போய்ப் பாரதீய நியாய சம்ஹிதை வந்தது. அதன் நான்காவது பிரிவில் தண்டனைகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன: மரணம், ஆயுள் தண்டனை, கடுங்காவலாகவோ வெறுங்காவலாகவோ சிறைவாசம், சொத்துப் பறிமுதல், அபராதம். இந்தப் பழைய ஐந்தோடு ஆறாவதாகச் சமூக சேவை என்று ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நூற்றறுபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஒரு புது வரி எழுத இடம் கிடைத்தது. வீட்டுக்காவலுக்கு இடம் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, கூடவே வந்த நடைமுறைச் சட்டத்தில், காவலில் வைப்பதானால் போலீஸ் நிலையத்திலோ, சிறையிலோ, சிறை என்று சர்க்கார் அறிவித்த இடத்திலோதான் வைக்கவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 2021-ல் விசாரணைக் கைதிகளுக்குத் திறந்த சிறு ஜன்னலும் இதனால் அநேகமாக மூடிக்கொண்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் தேசத்தில் வீட்டுக்காவலின் பழைய சரித்திரத்தைப் பார்த்தாலும் இந்த விசித்திரம் விளங்கும். 1917-ல் அன்னி பெஸண்டு அம்மையாரை உதகமண்டலத்தில் ஒரு வீட்டில் அடைத்து வைத்தார்கள். அவர் மீது எந்தக் கோர்ட்டும் குற்றம் காணவில்லை. 1965-ல் ஷேக் அப்துல்லாவை உதகையிலும் கொடைக்கானலிலும் வைத்தபோதும் தீர்ப்பு ஒன்றும் கிடையாது. ஆகக் கூடி, குற்றம் நிரூபணமாகாதவர்களை அடைப்பதற்கே நம் சர்க்கார்களுக்கு வீடு பயன்பட்டிருக்கிறது. நிரூபணமானவன் எவ்வளவு நோயாளியானாலும் அவனுக்குச் சிறைதான். அதிகாரிகளின் அச்சத்துக்கும் ஒரு காரணம் உண்டு. சுபாஷ் பாபு 1940 நவம்பர் 29-ந் தேதி சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார்; டிசம்பர் 5-ந் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பி, கல்கத்தா எல்ஜின் ரோடு வீட்டைச் சுற்றி ஒற்றர்களை நிறுத்தினார்கள். 1941 ஜனவரி 16-ந் தேதி நள்ளிரவு கடந்து அவர் புறப்பட்டுப் போனது நம் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. அந்த நாளைய அதிகாரிகளின் அச்சத்தை இந்த நாளைய அதிகாரிகள் பத்திரமாகச் சுதந்தரித்திருக்கிறார்கள்!

பிற தேசங்களில் எப்படி? இங்கிலாந்தில் 1999 ஜனவரி முதல், தண்டனையின் ஒரு பகுதியைச் சிறையில் கழித்தவன், கணுக்காலில் மின்சாரப் பட்டை பூட்டிக்கொண்டு, இரவெல்லாம் வீட்டிலேயே இருக்கும் நிபந்தனையின் பேரில் முன்னதாக வீடு திரும்பலாம். தொடக்கத்தில் கடைசி அறுபது நாளுக்கு என்றிருந்ததைப் படிப்படியாக வளர்த்துவிட்டார்கள். அமெரிக்க மத்திய சிறைகளில் தண்டனையின் கடைசிப் பத்தில் ஒரு பங்கை, ஆறு மாதத்துக்கு மேற்படாமல், வீட்டில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதைத் தருவது சிறை நிர்வாகமே தவிர நீதிபதி அல்ல. தண்டனை தொடங்கிவிட்ட பின் "என்னை வீட்டுக்கு மாற்றுங்கள்" என்று தண்டித்த நீதிபதியிடமே போய் நின்றால், அங்கும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். இரண்டிடத்திலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டில் கழியும் நாட்களும் தண்டனைக் கணக்கில் ஓடுகின்றன.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு மலேசியா உதாரணம். நம்மவர்கள் பலருக்கு உறவினர் உள்ள தேசமாதலால் நேயர்கள் பலர் இதை அறிந்திருப்பார்கள். முன்னாள் பிரதம மந்திரி நஜீப் ரஜாக், எஸ்.ஆர்.சி. இண்டர்நேஷனல் வழக்கில் பன்னிரண்டு வருஷத் தண்டனை பெற்று 2022 ஆகஸ்டு 23-ந் தேதி காஜாங் சிறைக்குப் போனார். 2024 ஜனவரி 29-ந் தேதி கூடிய மன்னிப்புச் சபை தண்டனையைப் பாதியாக்கிற்று. அதன் பின் நஜீப் ஒரு புதிய வாதத்தைக் கிளப்பினார். அப்போதைய மாமன்னர், எஞ்சிய தண்டனையை வீட்டிலேயே கழிக்கலாம் என்று ஓர் இணைப்பு உத்தரவும் எழுதியிருக்கிறார். அதை அதிகாரிகள் மறைக்கிறார்கள் என்றார். உத்தரவு உண்டா, இல்லையா என்பதிலேயே ஒன்றரை வருஷம் கழிந்தது. கீழ்க்கோர்ட்டு தள்ளிற்று, மேல்கோர்ட்டு ஏற்றது, அதற்கும் மேலான கோர்ட்டு 2025 ஆகஸ்டில் விசாரிக்கச் சொல்லித் திருப்பியனுப்பிற்று. முடிவில் 2025 டிசம்பர் 22-ந் தேதி ஐக்கோர்ட்டு நீதிபதி, அந்த உத்தரவு மன்னிப்புச் சபையில் ஆலோசிக்கப்பட்டதல்ல, ஆகவே செல்லாது என்று தீர்த்தார். ராஜ முத்திரை பெற்றவர் பாடே இப்படி. நான்கு நாள் கழித்து வேறொரு வழக்கில் அவருக்குப் பதினைந்து வருஷம் தண்டனையும் வந்து சேர்ந்தது.

இதற்கு நேர் மாறான வேடிக்கையும் ஒன்று உண்டு. பாகிஸ்தானில் இம்ரான் கானின் மனைவி புஷ்ரா பீபிக்கு 2024 ஜனவரி 31-ந் தேதி தண்டனை விதித்தவுடன், சர்க்காரே அவருடைய பனிகாலா வீட்டைத் துணைச் சிறை என்று அறிவித்து அங்கே வைத்தது. அந்த அம்மாளோ, "எனக்கு இந்தச் சலுகை வேண்டாம், மற்றக் கைதிகளைப் போல் அடியாலா சிறையிலேயே வையுங்கள்" என்று கோர்ட்டுக்குப் போய், மே மாதத்தில் வெற்றியும் பெற்றார். சொந்த வீட்டில் கைதியாயிருப்பது சுகம் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

நாமும் யோசித்துப் பார்ப்போம். நம் போன்ற ஒரு குடும்பத்தின் வாசலில் போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பால்காரன் வந்தாலும், குழந்தையைப் பார்க்க அதன் சிநேகிதி வந்தாலும், பெயர் எழுதிக்கொண்டு விடுகிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் தெருக்கோடியிலேயே திரும்பிவிடுகிறார்கள். நவ்லகாவின் காவலில், வாசலிலும் அறைகளின் வெளியிலும் படம் பிடிக்கும் கருவிகள். ஒரு நாளைக்கு ஒரு முறை, பத்து நிமிஷம், போலீஸார் கொடுக்கும் டெலிபோனில் பேச்சு. இவ்வளவையும் கைதியோடு சேர்ந்து அனுபவிக்கப் போகிறவர்கள் எந்தக் குற்றமும் செய்யாத வீட்டுப் பெண்களும் குழந்தைகளுமே. அவர்கள் மனம் ஒப்பிச் சம்மதம் சொல்லாமல் எந்த வீட்டையும் சிறையாக்கலாகாது என்பது நம் அபிப்பிராயம்.

செலவு என்று ஒன்றும் இருக்கிறது. நவ்லகா காவல் செலவுக்காக முதலில் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கட்டவேண்டியிருந்தது. பிறகு மொத்தச் செலவு 1 கோடியே 64 லட்சம் என்று போலீஸ் இலாகா கணக்குக் காட்டிற்று. ஜாமீன் கொடுத்தபோது, இப்போதைக்கு 20 லட்சம் கட்டும்படி கோர்ட்டு சொல்லிற்று. அவர் தங்கியதும் சொந்த வீட்டில் அல்ல. நவி மும்பையில் ஒரு கட்சியின் நூலகக் கட்டடத்தில்.

இந்தக் கணக்கை மண்ணூரில் உட்கார்ந்து படிக்கும் நமக்கு ஒரு பெருமூச்சு வருகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் எழுந்த பிறகு, நம் சுற்றுப்புறக் கிராமங்களில் வயலாயிருந்த இடமெல்லாம் வரிசை வீடுகள் ஆயின. ஓர் அறையில் ஐந்தாறு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுக்கிறான். பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்தவன் உண்டு. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவன் உண்டு. இவர்களில் ஒருவன் ஏதோ ஓர் அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, சிறையில் க்ஷயரோகம் கண்டு, "வீட்டுக்காவல் கொடுங்கள்" என்று கேட்டால், எந்த வீட்டின் வாசலில் காவல் போடுவது? அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்குப் பிடித்த பாதிப் பாயின் வாசலிலா? வீட்டுக்காவல் சட்டமாக வருமானால், செலவைக் கைதியின் தலையில் கட்டாமலும், வீடில்லாதவனுக்குச் சர்க்கார் மருத்துவ இல்லத்தையே வீடாகக் கருதியும் எழுதினால்தான் அது சட்டம். இல்லையேல் பணக்காரருக்கு ஒரு புது வசதி; அவ்வளவே.

இப்போதுள்ள சட்டத்தில் ஏழைக்கும் பணக்காரருக்கும் மிஞ்சியிருப்பது பரோல் என்னும் சிறை விடுப்புத்தான். தமிழ் நாட்டில் 1982-ஆம் வருஷத்துத் தண்டனை நிறுத்த விதிகளின்படி அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு உண்டு. தாய் தகப்பன் சாவு, மகள் கல்யாணம், தேக அசௌக்கியம் போன்ற காரணங்களுக்குச் சில நாள் வீட்டுக்குப் போய்வரலாம். பெயரைக் கவனியுங்கள்: தண்டனை "நிறுத்தம்". கடிகாரம் நின்றுவிடுகிறது. கோவா கைதிகளின் வழக்கு ஒன்றில் 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. முன்கூட்டி விடுதலை பெறுவதற்குப் பதினாலு வருஷக் கணக்குப் பார்க்கும்போது பரோலில் கழிந்த நாட்களைத் தள்ளிவிட்டே எண்ணவேண்டும். இல்லாவிட்டால் செல்வாக்குள்ளவர்கள் அடிக்கடி பரோல் வாங்கி வீட்டிலேயே தண்டனையை முடித்துவிடுவார்கள் என்றது. நியாயமான பயந்தான். ஆயினும் செல்வாக்கு இல்லாத நோயாளியும் அதே தராசில் நிறுக்கப்படுகிறான்.

பரோல் வீட்டுக்காவலைப் போலவே ஆகிவிடக்கூடும் என்பதை நம் ஸ்ரீபெரும்புதூர் வழக்கே காட்டிற்று. 1991 மே 21-ந் தேதி இரவு நம் தாலுகாவின் மண்ணில் ராஜீவ் காந்தியும், பாதுகாப்புக்கு நின்ற போலீஸாரும், பார்க்க வந்த ஜனங்களும் மாண்டார்கள். அன்று குடும்பத் தலைவரை இழந்த வீடுகளின் துயரத்துக்கு விடுப்பு ஏது? அதை மறந்து இவ்வழக்கின் கைதிகளைப் பற்றிப் பேசுவது முறையல்ல. மறக்காமலே மேற்கொண்டு சொல்கிறோம். அவ்வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் இருபத்தாறு வருஷம் சிறையிலிருந்த பிறகு, 2017 ஆகஸ்டில், முதல் முறையாக விடுப்பில் ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தார். 2021 மே மாதம் உடல் நிலை காரணமாக வந்த விடுப்பு, மாதா மாதம் நீட்டிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஜாமீன் கிடைக்கும் வரையில் தொடர்ந்தது.

நளினி 2019-ல் மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக ஆறு மாத விடுப்புக் கேட்டு, சென்னை ஐக்கோர்ட்டில் தாமே நின்று வாதாடினார். கிடைத்தது ஒரு மாதம். பிறகு மூன்று வாரம் கூடிற்று. வேலூரில் ஒரு வீட்டில், அரசியல்வாதிகளைச் சந்திக்கக்கூடாது, பத்திரிகைகளுக்குப் பேட்டி கூடாது என்ற கட்டுப்பாட்டோடு இருந்துவிட்டுத் திரும்பினார். 2021 டிசம்பர் 27-ந் தேதி, நோயுற்ற தாயாரோடு இருப்பதற்காக மறுபடி விடுப்பு. இம்முறை காட்பாடிக்கு அருகே பிரம்மபுரத்தில் ஒரு வீடு. தினந்தோறும் போலீஸ் நிலையத்தில் கையெழுத்து. ஒரு மாதம் முடிய இன்னொரு மாதம், அது முடிய மற்றொன்று என்று பத்து மாதத்துக்கு மேல் ஓடிற்று. வாசலில் காவல், வெளியே போகத் தடை, பார்க்க வருவோர் மேல் கண்; வீட்டுக்காவலுக்கு உள்ள லக்ஷணம் அத்தனையும் இருந்தன, பெயர் ஒன்றைத் தவிர. அந்தப் பெயர் இல்லாததால் அடுத்த மாதம் நீட்டிப்பார்களா, மாட்டார்களா என்ற கவலையும் மாதந்தோறும் இருந்தது.

சாயிபாபாவின் கதை முடிந்தவிதம் வேறு. 2024 மார்ச்சு 5-ந் தேதி பம்பாய் ஐக்கோர்ட்டு, இம்முறை சாட்சியங்களையே பரிசீலித்து, அவரைக் குற்றமற்றவர் என்று மறுபடியும் விடுதலை செய்தது. ஏழாம் தேதி அவர் சக்கர நாற்காலியில் நாகபுரிச் சிறையை விட்டு வெளியே வந்தார். அக்டோபர் 12-ந் தேதி ஹைதராபாத் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பத்தேழு. 2022-ல் அவர் கேட்டது வீட்டில் ஓர் அறையும், தூக்கி உட்கார வைக்க மனைவியின் கையுமே.

2022 நவம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நளினி உள்ளிட்ட அறுவரையும் விடுதலை செய்தது. மறு நாட் காலை நளினி வழக்கம் போல் காட்பாடிப் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்திட்டார். விடுப்பில் இருப்பவர் சட்டப்படி இன்னும் கைதிதானே! ஆகவே அவரை வேலூர்ப் பெண்கள் சிறைக்கு அழைத்துச் சென்று, உள்ளே வைத்துக் காகிதங்களை முடித்து, அங்கிருந்தே வெளியே விட்டார்கள்.